கம்பி சுற்றும் இயந்திரமும் இரண்டு அரசாங்கங்களும்

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குள் பொருந்தும் மோட்டார் செய்கிறோம். நான் அங்கே உற்பத்திப் பொறியாளர். பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில். குடியிருப்பது கடலோரத்தில், அணு ஆராய்ச்சி ஊழியர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில், ஏனென்றால் என் கணவருக்கு அங்கே வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று உரசும் என்று கல்யாணத்தின்போது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்ற ஓர் இயந்திரம் வேண்டும். கையால் சுற்றினால் ஒன்றைப் போல இன்னொன்று வராது. நாங்கள் வாங்கிய இயந்திரம் சீனாவில் செய்தது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் கேட்டுப் பார்த்தோம். எங்கள் அளவுக்கும் அவசரத்துக்கும் ஒத்துவந்தது இதுதான். மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு பொறியாளரும் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் முழுக்கைச் சட்டை. ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். கைப்பேசியில் சீன மொழியில் பேசுவார், அது ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதிக் காட்டும். தமிழ் சில சமயம் விபரீதமாக வரும். முதல் நாளே இயந்திரத்தைக் காட்டி, "இதற்குப் பசி எடுத்துவிட்டது" என்று காட்டினார். எண்ணெய் விடச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த இயந்திரத்தில் ஆபரேட்டராக நான் ஒரு பெண்ணைப் போட்டேன். எங்கள் லைனில் அவளைவிடப் பொறுமையான கை யாருக்கும் கிடையாது. முப்பது வயதிருக்கும். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள். ஐ.டி.ஐ. படித்தவள். அவளுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனால் இரண்டாவது வாரத்திலேயே கைப்பேசி இல்லாமல் வேலை நடந்தது. ஓடும் கம்பியின் அருகே அவர் காதைக் கொண்டுபோவார், அவளும் கொண்டுபோவாள். இறுக்கம் கூடினால் ஒரு சத்தம், குறைந்தால் வேறு சத்தம். அவர் புருவத்தைத் தூக்கினால் அவள் திருகைக் கால் சுற்று திருப்புவாள். நான் அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

எட்டு வாரம் இருந்தார். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இங்கயா? குடியிருப்புக்குள்ளயா?"

"ஆமா. ஒரு வேளைச் சாப்பாடுதானே."

"கேட்ல பாஸ்போர்ட் கேப்பாங்க. அப்புறம் என்னைய கூப்பிட்டுக் கேப்பாங்க. வெளிநாட்டுக்காரங்களோட பழக்கம் இருந்தா நாங்க எழுதிக் குடுக்கணும். அதுலயும் அந்த நாடு. வேண்டாம்."

என் கணவர் மதுரைப் பக்கம். ஒன்றை வேண்டாம் என்றால் அதற்குமேல் காரணம் அடுக்குகிற ஆளில்லை. எனக்குக் கோபம் வந்தது. எட்டு வாரம் என்னோடு நின்று வேலை செய்கிற மனிதனுக்கு ஒரு வேளை சோறு போட முடியாதா என்று இருந்தது. கடைசியில் எங்கள் மேலாளரும் நானுமாக அந்தப் பொறியாளரை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனோம். மீன் சாப்பிட்டோம். சிற்பப் பட்டறைகளின் முன்னால் கல் உளியின் சத்தத்தைக் கேட்டபடி நெடுநேரம் நின்றார். அர்ஜுனன் தபசு பாறையில் இருக்கும் யானைகளைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

அதற்கு அடுத்த வாரம்தான் இரண்டு நாட்டுத் தலைவர்களும் மாமல்லபுரத்தில் சந்திக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரே மாறியது. சுவருக்குச் சுண்ணாம்பு, சாலைக்குத் தார், வழியெல்லாம் வாழை மரம். எங்கள் பஸ் மூன்று நாள் வேறு வழியில் சுற்றிப் போனது. தொழிற்பேட்டையில் தங்கியிருந்த சீனர்களின் பட்டியலைக் காவல் துறை வாங்கிக்கொண்டு போனது. விருந்தினர் விடுதியையும் தொழிற்சாலையையும் தவிர வேறெங்கும் போக வேண்டாம் என்று எங்கள் பொறியாளரிடம் சொல்லப்பட்டது. அவருக்கு அது ஒன்றும் புதிதாக இருந்த மாதிரி தெரியவில்லை. சரி என்றார்.

சந்திப்பு நடந்தபோது எல்லாரும் கேன்டீன் தொலைக்காட்சியில் பார்த்தோம். கொஞ்ச நாள் முன்பு நாங்கள் நின்ற அதே பாறைக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் பொறியாளர் முதலில் திகைத்தார், அப்புறம் சிரித்தார். தன் கைப்பேசியில் இருந்த யானைப் படத்தை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பிறகு ஏதோ பேசி எங்களிடம் நீட்டினார். "இவர்கள் சேர்ந்து சாப்பிட்டால் எனக்கு விசா சீக்கிரம் கிடைக்கும்" என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர்கள் வழக்கம்போல அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். சாலையை அடைத்தது, கடைகளை மூடச் சொன்னது, விலைவாசி, அமைச்சர்கள், எல்லாவற்றையும். ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பொறியாளர் என்னிடம் கேட்டார். சொன்னேன். இங்கே இருக்கும் அமைச்சர்களையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. டீயைக் குடித்து முடித்தார். தன் நாட்டு அரசாங்கத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

முதல் இயந்திரம் நன்றாக ஓடியது. இரண்டாவதுக்கு ஆர்டர் கொடுத்தோம். வந்து பொருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. அது போதாதென்று, ஊரடங்குக்கு நடுவிலேயே, வடக்கே எல்லையில் இரண்டு நாட்டு ராணுவமும் மோதிக்கொண்டன. நம் வீரர்கள் இறந்தார்கள்.

எங்கள் ஆபரேட்டரின் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அது எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. அந்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. தம்பியிடமிருந்து போன் வரவில்லை என்று அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். நான் போன் செய்தபோது எடுத்தாள். பின்னால் ஆட்கள் பேசுவது மட்டும் கேட்டது. ஆறாவது நாள் தம்பி பேசினான். அவன் இருந்த இடம் வேறு. அவள் மறுநாளே வேலைக்கு வந்தாள்.

இரண்டாவது இயந்திரம் துறைமுகத்தில் கிடந்தது. அந்த நாட்டிலிருந்து வந்த எல்லாப் பெட்டிகளையும் திறந்து சோதித்தார்கள். ஒருவழியாக வந்து சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. தார்ப்பாய் போட்டு மூடி ஷெட்டில் வைத்தோம். பொருத்த ஆளில்லை. அவருக்கு விசா கிடையாது. நாங்கள் அவரோடு பேசிக்கொண்டிருந்த சீனச் செயலியை நம் அரசாங்கம் ஒரே நாளில் தடை செய்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் செயலிகள் அவர் நாட்டில் எப்போதோ தடை. கொஞ்ச நாள் மின்னஞ்சலில் படங்களை அனுப்பிப் பார்த்தோம். ஒரு போல்ட்டைப் பற்றிக் கேட்டால் பதில் வர ஒரு நாள் ஆகும். பிறகு அலுவலகக் கூட்டம் நடத்தும் ஒரு செயலி இரண்டு பக்கமும் வேலை செய்வதை மேலாளர் கண்டுபிடித்தார். யாரும் அதைத் தடை செய்ய நினைக்கவில்லை போலிருக்கிறது.

கூட்டச் செயலி கிடைத்ததும் நான் வீட்டிலிருந்தும் அவரோடு பேச, வீட்டில் சிக்கல் ஆரம்பித்தது. கணவர் அலுவலகத்தில் எல்லாரிடமும் புதிதாக எழுதி வாங்கினார்கள். குடும்பத்தில் யாருக்காவது வெளிநாட்டுத் தொடர்பு உண்டா என்று. அவர் உண்மையை எழுதினார்: மனைவி வேலை நிமித்தமாக இன்ன நாட்டுப் பொறியாளரோடு காணொளியில் பேசுகிறாள். மேலதிகாரி கூப்பிட்டு மரியாதையாகத்தான் கேட்டாராம். ஆனால் வீட்டுக்கு வந்தவர் மரியாதையாக இல்லை.

"அந்த வேலைய வேற யார்கிட்டயாவது குடுத்துரு. உனக்கு அது ஒரு மெஷினு. எனக்கு இது சாப்பாடு."

"எனக்கும் அதுதாங்க சாப்பாடு" என்றேன்.

இரண்டு நாள் பிள்ளைகளிடம் மட்டும் தனித்தனியாகப் பேசினோம். மூன்றாவது நாள் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பயம் இருந்தது, ஆனால் பொய் இல்லை. வீட்டு வைஃபையில், கணவரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாட்டுக்காரரோடு நான் பேசுவது யாருக்குமே நல்லதில்லை. மேலாளரிடம் போய் ஒரு ஏற்பாடு கேட்டேன். இனிமேல் தொழிற்சாலைக் கூட்ட அறையிலிருந்துதான் பேசுவேன். என்னோடு இன்னொருவர் இருக்க வேண்டும். என்ன பேசினோம் என்று அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக் கைப்பேசியில் எதுவும் இல்லை. அவர் ஒப்புக்கொண்டார். நான் அதை வீட்டில் சொன்னேன். கணவர் அதையே தன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை. நோட்டு எழுதுவது எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. போகப் போகப் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த சிக்கல் ஆபரேட்டர். கேமராவைப் பார்த்துக்கொண்டு, பொறியாளர் சொல்லச் சொல்ல இயந்திரத்தைப் பொருத்த அவளால்தான் முடியும். கம்பியின் சத்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் தம்பியைத் தேடிக்கொண்டு ஆறு நாள் உட்கார்ந்திருந்தவளிடம் இதை எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தாளு இன்னா பண்ணாரு மேடம். அவரா துப்பாக்கி தூக்கினு போனாரு? நான் வேல செய்றேன். ஆனா சிரிக்க மாட்டேன். வணக்கம்லாம் சொல்ல மாட்டேன். எங்கம்மா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது."

அப்படியே செய்தாள். பதினேழு நாள் தினமும் காலையில் கூட்ட அறையிலிருந்து நான் பேச, ஷெட்டில் அவள் கேமரா முன்னால் நின்று வேலை செய்தாள். அவர் வணக்கம் என்று கைகூப்புவார். அவள் ஸ்பேனரை எடுப்பாள். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து அவரும் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார். மூலைக்கு மூலை மட்டம் பார்த்து, பெல்ட் போட்டு, மின்சாரம் கொடுத்து, முதல் கம்பிச் சுருளைச் சுற்றினோம். அவர் அங்கே தன் காதைக் கணினியின் ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டார். சத்தம் சரியாக வரவில்லை என்று கையைக் காட்டினார். அவள் அதற்கு முன்பே திருகில் கை வைத்திருந்தாள்.

வேலை முடிந்த நாள் ஒரு காரியம் நடந்தது. ஆபரேட்டரின் தம்பி ராணுவத்தில் இருக்கிறான் என்று நான் ஏற்கெனவே ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன், அவள் முகம் கொடுத்துப் பேசாததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று. சொன்னது என் தவறுதான். இயந்திரம் ஓடியதும் அவர் எங்களுக்கு நன்றி சொன்னார். பிறகு ஒரு வரி பேசினார். திரையில் எழுத்து வந்தது: "அவருடைய தம்பி இப்போது எங்கே இருக்கிறார்?"

கூட்ட அறையில் நாலு பேர் இருந்தோம்; ஆபரேட்டர் ஷெட்டில் இருந்தாள். மேலாளர் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார். பிறகு என்னைப் பார்த்து, இதை நோட்டில் எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

மறுநாள் காலை பொறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், மேலாளர் படித்துப் பார்த்த பிறகு. குடும்பத்தைப் பற்றியும் ராணுவத்தைப் பற்றியும் இனி நாம் பேச வேண்டாம் என்று இரண்டே வரி. பதில் அன்றைக்கே வந்தது. நலமாக இருக்கிறாரா என்றுதான் கேட்க நினைத்தேன், இயந்திர மொழிபெயர்ப்பு இடத்தைக் கேட்டுவிட்டது, மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, எனக்கும் அப்படிக் கேட்க அனுமதி இல்லை என்று எழுதியிருந்தார்.

அது மொழிபெயர்ப்பின் பிழையா, அவர் கேட்டதே அதுதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. பிழை என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதால் நான் ஏமாளி என்று கணவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் நான் பொறியாளரோடு வேலை செய்தேன், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்துகொண்டு. அது முன்னைவிடச் சுலபமாகத்தான் இருந்தது. ஆபரேட்டரிடம் இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தோம். அவள் தம்பியைப் பற்றிய விஷயம், அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நானே சொன்னேன். அவள், நீங்க இன்னாத்துக்கு மேடம் அவருகிட்ட சொன்னீங்க என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு இயந்திரங்களும் ஓடின. ஆண்டுகள் போயின. உதிரிப் பாகம் வேண்டுமென்று நாங்கள் அவர்களுக்கு எழுதுவோம், அவர் அனுப்பி வைப்பார். அரசியல்வாதிகள் என்னென்னவோ பேசினார்கள். சீனச் சாமான்களை வாங்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அந்தச் செய்தியைப் படிக்கிற கைப்பேசியே அங்கே செய்ததாக இருக்கும். நான் எதற்கும் பதில் போட்டதில்லை.

இப்போது சமீபத்தில் வந்தது காந்தப் பிரச்சினை. எங்கள் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் ஓர் அரிய உலோகக் கலவை. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகள். உலகத்தில் பெரும்பாலும் சீனர்கள்தான் அதைச் செய்கிறார்கள். அவர்களுக்கும் வேறொரு பெரிய நாட்டுக்கும் வர்த்தகச் சண்டை வந்தது. அந்தக் கோபத்தில், இனி இந்தக் காந்தம் வெளியே போக உரிமம் வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். சண்டை எங்களோடு இல்லை. ஆனால் நின்றது எங்கள் லைன்.

காந்தம் வாங்குகிறவர், இதை ஆயுதம் செய்யப் பயன்படுத்த மாட்டேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பல மேசைகளுக்குப் போய் முத்திரை வாங்கிவர வேண்டும். எல்லாத் தாளையும் தயார் செய்தது நான்தான். தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போடப்போன நேரத்தில் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கோயம்புத்தூர்க்காரர், எதையும் வளைத்துச் சொல்ல மாட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. தாள்ல உங்க வீட்டு முகவரி எங்க இருக்குதுன்னு பாருங்க. அணு ஆராய்ச்சிக் குடியிருப்பு. ஆயுதத்துக்குப் போகாதுன்னு அந்த முகவரியில இருந்து எழுதிக் குடுத்தா அவங்க ரெண்டு தடவை படிப்பாங்க. வேற ஆள் போடட்டுங்க."

தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் மனசு கஷ்டப்பட்டது. முன்பு என்னால் கணவருக்குச் சங்கடம், இப்போது கணவரால் எனக்கு. வீட்டில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, உங்க மேலாளர் சொன்னது சரிதான் என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். வேறொருவர் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் சொல்லவில்லை. திருத்தி மறுபடி அனுப்பினோம், மறுபடி திரும்பியது. கையிருப்புக் காந்தம் தீர்ந்தது. இரண்டாவது ஷிப்ட் நின்றது. ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவேண்டாம் என்றார்கள். எங்கள் பஸ்ஸில் பின்னிருக்கைகள் காலியாக ஓடின. ஆபரேட்டரை நிறுத்தவில்லை, ஆனால் அவளுக்கு வேலை இல்லை. இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் என்னிடம் வந்து, "நம்ம ஸ்கூட்டரு வண்டிய வச்சி யாரு மேடம் சண்ட போடப் போறாங்க? அவங்களுக்கு யாராச்சும் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. விண்ணப்பத்தின் சீன மொழிப் பகுதியை ஒரு முகவர் எழுதிக் கொடுத்திருந்தார். அது எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. மேலாளரிடம் அனுமதி வாங்கி, இயந்திரக் கம்பெனிக்கே முறைப்படி எழுதினேன். உங்கள் இயந்திரத்தில் செய்யும் மோட்டாரை இந்தத் தாள் சரியாக விவரிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒரு வாரம் பதிலில்லை. பொறியாளர் மாட்டிக்கொள்வாரோ என்று பயமாகக்கூட இருந்தது. பிறகு கம்பெனியின் பொது முகவரியிலிருந்து, அவர் பெயரில், நாலு வரி வந்தது. மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கும் சொல் ஏவுகணையைத் தள்ளும் கருவிக்கும் வரும். நீங்கள் செய்வது வண்டிச் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார். அதற்குரிய சொல் இது. வண்டியின் படத்தையும் இணைத்தால் நல்லது.

சொல்லை மாற்றினோம். படம் எடுக்க, வாசலில் நின்ற ஒரு ஸ்கூட்டரில் ஆபரேட்டரையே உட்கார வைத்தோம். சக்கரத்தைத் திறந்து மோட்டார் தெரிய ஒரு படம், மூடி அவள் ஓட்டுவது போல ஒரு படம். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மிகவும் கடுமையாக உட்கார்ந்திருந்தாள். உரிமம் வர மேலும் சில வாரம் ஆனது. அந்தச் சொல்லால்தான் வந்ததா, அந்தச் சமயத்தில் அவர்கள் மேலிடத்தில் மனம் இளகியதா என்று தெரியாது. கேட்ட அளவில் பாதிதான் வந்தது. இரண்டாவது ஷிப்ட் மறுபடி ஓடியது.

அதே நாட்களில் எங்கள் கம்பெனி எனக்கு வேறொரு வேலையும் கொடுத்தது. அந்த அரிய காந்தம் இல்லாமல் சாதாரண காந்தத்தில் ஓடும் மோட்டாரை வடிவமைக்க வேண்டும். எடை கூடும், சூடு அதிகம், ஆனால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் மனசாரத்தான் அதைச் செய்கிறேன். ஒரு காணொளிக் கூட்டத்தில் அந்தப் பொறியாளர், புதிய கம்பி அளவு கேட்டிருக்கிறீர்களே, எதற்கு என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். தலையை ஆட்டினார். தன்னிடமும் சொல்ல முடியாதவை இருக்கின்றன என்றார். அந்த அளவுக் கம்பி வெளிவருவதற்கான முனையை மட்டும் செய்து அனுப்பினார்கள்.

விசா மறுபடி தர ஆரம்பித்ததும், எங்களில் இரண்டு பேர் அவர்கள் தொழிற்சாலைக்கு வந்து பத்து நாள் பயிற்சி எடுக்கலாம் என்று கடிதம் வந்தது. நான் போக முடியாது. கணவரின் வேலையை வைத்து நானே வேண்டாம் என்றேன், யாரும் சொல்வதற்கு முன்னால். ஆபரேட்டரும் பராமரிப்பில் இருக்கும் ஒருவரும் போனார்கள். அவள் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. தம்பியிடம் கேட்டாளாம். அவன், போய்ட்டு வா அக்கா, எங்களப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத என்றானாம்.

திரும்பி வந்த அன்று மதியம் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சொன்னாள். அங்கே லைனில் எல்லாம் பெண்கள். ஊரிலே பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கிறார்கள். ஒருத்தி அவளிடம் கைப்பேசியில் பிள்ளை படத்தைக் காட்டி, ஆண்டுக்கு ஒரு தடவைதான் பார்ப்பேன் என்றாளாம். இரவு ஷிப்டுக்கு உங்களுக்கு பஸ் உண்டா என்று கேட்டார்களாம். பொறியாளர் ஒரு நாள் வந்தார், முடி நரைத்துவிட்டது, இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். இரண்டு பேரும் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சத்தம் கேட்டார்கள்.

"அங்க ஒரு மெஷினு நம்ம பழைய மெஷினு மாதிரியே கத்திகினு இருந்துச்சு மேடம். நான் கைய காமிச்சேன். அவங்க ஆளுங்க நம்பல. அவரு நம்புனாரு. தொறந்து பாத்தா சுத்துற தண்டைத் தாங்குற பட்டை தேஞ்சி போயி கீது."

தேய்ந்த பட்டைக்குப் பதிலாக அவர்கள் அங்கே புதிதாக வேறொரு பட்டை போடுகிறார்களாம். நம் இரண்டு இயந்திரத்துக்கும் அதையே போட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னாள், ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினாள். வரைபடம் கோணலாக இருந்தது, அளவுகள் சரியாக இருந்தன. மறுநாள் கொள்முதல் பிரிவுக்கு எழுதினேன். அந்த நாட்டிலிருந்து புதிய பாகம் வாங்க இப்போது இரண்டு கையெழுத்து கூடுதலாக வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை. அதுவரை பழைய பட்டைக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.